ஜகார்த்தாவில் பனி பெய்கிறது

'தி ரெய்டு' படத்தைவிட அதன் இரண்டாம் பாகம்தான் உயர்ந்தது என்று சொல்லும் நண்பர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: பெரிசா இருந்தா போதுமா?

2011இல் வந்த முதல் படம் 101 நிமிடம். ஜகார்த்தாவில் ஓர் அடுக்குமாடி. மேலே தாதா, கீழே மாட்டிக்கொண்ட போலீஸ். 'கதையே இல்லையே' என்கிறார்கள். ராமா சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காட்சியைப் பாருங்கள். வெளியிலிருந்து சுவரைக் குத்தித் துழாவும் வெட்டுக்கத்தி அவன் கன்னத்தைக் கிழிக்கிறது. கத்தியில் ரத்தம் தெரிந்தால் மாட்டிக்கொள்வான். அது வெளியே உருவப்படும்போதே துடைத்து அனுப்புகிறான். ஒரு வசனம் கிடையாது. அவன் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கதாபாத்திரம் என்றால் வேறென்ன வேணும்?

2014இல் வந்தது இரண்டரை மணி நேரம். சிறை, வாரிசுச் சண்டை, ஜப்பானியக் கும்பல், சுத்தியல் பெண், பேஸ்பால் மட்டைக்காரன். முதல் படத்தின் உயிரே ராமாவுக்கும் தாதாவிடம் வேலை செய்யும் அவன் சகோதரன் அண்டிக்கும் இடையிலான உறவுதான். அந்த அண்டியை ஆரம்பத்திலேயே சுட்டுத் தள்ளிவிடுகிறார்கள். மனைவியும் குழந்தையும் ஏறக்குறைய மறக்கப்படுகிறார்கள். 'மேட் டாக்'காக நம்மை நடுங்கவைத்த யாயான் ருஹியான் இதில் பிரகோசோ என்ற வேறொரு ஆள். அவன் சாகும்போது பனி பெய்கிறது. ஜகார்த்தாவில்! அழகுதான். ராமாவுக்கு அதில் என்ன சம்பந்தம்?

சமையலறைச் சண்டை மட்டும் முதல் தரம். அதில் வாதமே இல்லை.

கேரத் எவன்ஸ் முதலில் எடுக்க நினைத்தது இந்தப் பெரிய கதையைத்தான். பணம் புரளவில்லை. அதனால்தான் ஒரு கட்டடத்துக்குள் அடங்கும் படத்தை எடுத்தார். அது ஜெயித்த பிறகு பழைய கதைக்குள் ராமாவை நுழைத்தார். வேறு இயந்திரத்துக்குச் செய்த பாகத்தை அராவிப் பொருத்தினால் ஓடும், ஆனால் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். (தொழில் புத்தி, மன்னிக்கவும்.)

மலேசியாவில் இரண்டாம் பாகத்தை வன்முறைக்காகத் தடைசெய்தார்கள். அதோடு நம்மிடையே அதற்கு ஒரு மகிமை ஏறிவிட்டது. தடையை எதிர்ப்போம், நானும் வருகிறேன். அதுக்காக படத்தையும் காவியம்னு சொல்லணுமா?

முதல் படத்தை 'சின்னது' என்று ஒதுக்குகிற இதே நண்பர்கள்தான், நல்ல சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால் புரட்டிக்கூடப் பார்க்காமல் கேட்கிறார்கள்: "நாவல் எப்ப?"