சைக்கிள் காவடி

சைக்கிள் விடுவதற்கும் தருமத்துக்கும் என்ன சம்பந்தம்? "நான் 190 மைல் சைக்கிள் மிதிக்கப் போகிறேன், அதற்காக நீங்கள் ஒரு ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் நமக்கு என்ன தோன்றும்? "நீர் மிதிப்பதால் யாருக்கு ஐயா வியாதி குணமாகும்? உம்முடைய பணத்தை அங்கே கட்டிவிட்டு, வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாமே!" என்றுதான் தோன்றும்.

நியாயமான கேள்வி. ஆனால் வாசகியரே, புரட்டாசிச் சனிக்கிழமைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நெற்றியில் நாமம், கையில் சொம்பு, வாயில் "கோவிந்தா!" என்ற குரல். வீடும் வாசலுமாக வசதியோடு இருப்பவர்கள், வீதி வீதியாக வந்து பிடி அரிசி வாங்கிப் போகிறார்கள். அவர்கள் வீட்டில் அரிசி இல்லையா? மூட்டையாக இருக்கிறது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட ஓர் இரவில் அப்படி வேண்டிக்கொண்டார்கள். சொந்தப் பணத்தை உண்டியலில் போட்டால் அந்த வேண்டுதல் தீராது. பிறரிடம் கை நீட்டித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், ஏறக்குறைய இதையே சைக்கிள் மேல் ஏறிக்கொண்டு செய்கிறார்கள். பான்-மாஸ் சாலெஞ்ச் என்று அதற்குப் பெயர். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தின் முதல் சனி, ஞாயிறு. ஆயிரக் கணக்கானவர்கள், ஆண்களும் பெண்களும், பேரன் பேத்தி எடுத்தவர்களும்கூட, ஸ்டர்பிரிட்ஜ் என்ற உள்நாட்டு ஊரிலிருந்து கிளம்புகிறார்கள். கடலுக்குள் வளைந்து நீளும் கேப் காட் என்ற நிலமுனையின் கோடியில் பிராவின்ஸ்டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1620-ல் 'மேபிளவர்' கப்பலில் வந்த ஆங்கிலேயர் முதலில் கரை இறங்கிய இடம். அதுவரை மிதிக்க வேண்டும். நம் கணக்கில் 300 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து தஞ்சாவூரை நெருங்கிவிடும் தூரம்!

இதைத் தொடங்கியவர் பில்லி ஸ்டார் என்பவர். 1974-ல் அவருடைய தாயார் தோலில் தோன்றும் கொடிய புற்றுநோயால் காலமானார். தாயை இழந்த பிள்ளை என்ன செய்வான்? திதி கொடுப்பான், நாலு பேருக்குச் சாப்பாடு போடுவான். பில்லி ஸ்டாருக்குத் தெரிந்தது சைக்கிள். 1980-ல் நண்பர்களைக் கூட்டினார். 36 பேர் சேர்ந்தார்கள். 10,200 டாலர் திரண்டது. பாஸ்டனில் உள்ள டானா-பார்பர் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அந்தப் பத்தாயிரம் எப்படி வளர்ந்தது, பாருங்கள். 2024-ல் ஒரே ஆண்டில் ஏழரைக் கோடி டாலர். அதுவரை சேர்ந்த மொத்தம் நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. சவாரி செய்பவர் வசூலித்த பணத்தில் ஒரு காசு பாக்கியில்லாமல் முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. பந்தல், சாப்பாடு, தண்ணீர் முதலிய செலவுகளுக்கு, அவரவர் செலுத்தும் நுழைவுக் கட்டணமும் வியாபார நிறுவனங்கள் தரும் உதவியும் இருக்கின்றன. தர்மத்துக்கென்று வந்ததில் பாதியை விழாவும் விளம்பரமும் விழுங்கிவிடுவது உலகத்தில் எங்கும் காணக்கூடிய காட்சி. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்.

இதில் சேர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். இத்தனை ஆயிரம் டாலர் திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தால் மிச்சம் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும். தப்பிக்க வழியில்லை. பிறகு பயிற்சி. வசந்த காலம் வந்ததும் இருபது மைல், நாற்பது மைல் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முதுகு வலிக்கும், தோள் வலிக்கும். உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

ஆனால் அந்த வலியெல்லாம் பெரிதல்ல. உண்மையான சிரமம் கேட்பதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம், ஆபீஸ் நண்பரிடம், பல வருஷமாகப் பேசாமல் இருக்கும் உறவினரிடம் போய்ப் பணம் கேட்க வேண்டும். கொடுக்கும் கை மேலே இருக்கும். வாங்கும் கை கீழே இருக்கும். கை கீழே போவது யாருக்கும் கூச்சமான காரியம். அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான் சைக்கிள். "சும்மா கேட்கவில்லை, வெயிலில் 190 மைல் மிதிக்கிறேன்" என்று சொல்லும்போது கேட்பவருக்கும் கொஞ்சம் தைரியம் வருகிறது, கொடுப்பவருக்கும் மறுக்க மனம் வருவதில்லை. பணத்தோடு இன்னொன்றும் வந்து சேரும். "என் தங்கைக்கும் இதே வியாதிதான்" என்று, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் சொல்லிவிடுவார். வீட்டுக்குள் மூடி வைத்திருந்த துக்கம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

சவாரி அன்று விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். இது பந்தயம் அல்ல; முதல்வரும் கிடையாது, கடைசியும் கிடையாது. முதல் நாள் ஏறக்குறைய 110 மைல், தொடக்கத்தில் மேடும் பள்ளமுமாக. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் உண்டு; ஐஸும் பழமும் ரொட்டியுமாகத் தொண்டர்கள் காத்திருப்பார்கள். ஒரு பந்தலில் சிகிச்சை பெறும் குழந்தைகளே வந்து நிற்பார்கள். பல குழுக்களுக்கு ஒரு குழந்தை பங்காளி. யாருக்காக மிதிக்கிறோமோ அந்தக் குழந்தை, தலைமுடி கொட்டிய தலையுடன் கையசைத்தால் காலில் வலி தெரியுமா? இரவு போர்ன் என்ற ஊரில், கப்பல் மாலுமிகளைப் பயிற்றும் கல்லூரியில் தங்கல். வியாதியிலிருந்து பிழைத்து வந்து தாமும் சைக்கிள் மிதிப்பவர்கள் அங்கே ஒன்றாகக் கூடுவார்கள். 'உயிருள்ள சாட்சிகள்' என்று அவர்களுக்குப் பெயர். மறுநாள் மணற்குன்றுகளின் வழியே, எதிர்க்காற்றில் கடைசி மைல்கள்.

பணம் போய்ச் சேரும் இடத்துக்கும் ஒரு கதை உண்டு. அதில் நம் சென்னைக்கும் பங்கு இருக்கிறது.

1940-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில வாரங்களில் இறந்துவிடும். பெற்றோர் செய்யக் கூடியது மடியில் வைத்துக்கொண்டு அழுவது ஒன்றுதான். பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் 1947-ல் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு வியாதி தற்காலிகமாகத் தணிந்தது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. அந்த அமினோப்டெரின் மருந்து உருவானது லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில். அங்கே ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திர தேசத்துப் பிள்ளை, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ என்ற வயிற்று வியாதிக்குப் பறிகொடுத்தவர். பூட்டுக்குள் பொய்ச்சாவியைச் செருகினால் உண்மைச் சாவி நுழையாது அல்லவா? புற்றுநோய் அணு பெருகுவதற்கு வேண்டிய போலிக் அமிலத்தின் இடத்தில் அதைப் போலவே இருக்கும் பொய்ச் சரக்கைச் செருகுவதுதான் அந்த மருந்தின் தந்திரம். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் காலமாகிவிட்டார்.

அதே 1948 மே மாதத்தில், டாக்டர் பார்பரின் நோயாளியான 12 வயதுச் சிறுவன் ஒருவன் 'ஜிம்மி' என்ற மறைபெயரில் ரேடியோவில் பேசினான். பேஸ்பால் ஆட்டம் பார்க்க அவனுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டும் என்று நேயர்களிடம் கேட்கப்பட்டது. அந்தக் குழந்தைக்காகக் கை நீட்டியதில் அவ்வாண்டு 2 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அதுவே 'ஜிம்மி நிதி'. சைக்கிள்காரர்களின் பணம் இன்றும் அந்த நிதியின் வழியாகத்தான் ஆஸ்பத்திரியை அடைகிறது. ஜிம்மி எப்போதோ இறந்திருப்பான் என்று எல்லோரும் எண்ணியிருக்க, 1998-ல் லாரி ஓட்டும் பெரிய மனிதராக அவரே வந்து நின்றார். குழந்தைகளிடம் அதிகம் காணும் ரத்தப் புற்றுநோய் வகையில், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ இப்படி ஒரு நற்காரியத்துக்காக நெடுந்தூரச் சவாரிக்குக் கிளம்பினால், "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று தடுக்காதீர்கள். வசூலில் எவ்வளவு நோயாளிக்குப் போகும் என்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், காலுக்குத் தேய்க்க நல்லெண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டு, வசூல் நோட்டில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். முதல் கையெழுத்து விழுந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது வீட்டுக் கதவைத் தட்டுவது அவ்வளவு கஷ்டமாக இராது.