பிள்ளையோடு குடிபோகும் வீடு

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போவது நம் தலைமுறைகளின் கனவு. 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு கட்டும் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. யட்டவத்தப் பகுதி லயங்களில் வாழும் நம் குடும்பங்களும் அந்த நாளுக்காகக் காத்திருக்கின்றன.

சாவியைக் கொடுத்ததும் வேலை முடிந்துவிடாது. லயத்தில் பிள்ளையை அடுத்த காம்பரா ஆச்சி பார்த்துக்கொள்வார். பிள்ளைக்காம்பராவும் கிட்டவே இருக்கும். புதிய வீடு தள்ளி அமைந்தால், பெரட்டுக்கு முன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் எவ்வளவு தூரம் நடப்பார்? குழாயில் தண்ணீர் வராவிட்டால் பிள்ளையை யாரிடம் விட்டுப் பீலிக்குப் போவார்?

ஆகவே, குடிபோகும் முன்பே தண்ணீர், மின்சாரம், பாதை, நடக்கும் தூரத்தில் பிள்ளைக்காம்பரா ஆகியவை வேண்டும் என்று நாம் கோருகிறோம். மண்சரிவு அபாயம் இல்லையெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உறுதிப்படுத்திய காணியே வேண்டும். காணி உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வீட்டுப் பிரச்சினையை எடுக்கும்போது, சிறுபிள்ளைகள் உள்ள தாய்மார் முதலில் பேசட்டும்.