பழைய கைத்துப்பாக்கிகளும் ஆதார நூல்களும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. பெயரில் கோட்டை உண்டு. அருகே தரையில் அகழியும் மண்மேடுமே எஞ்சியுள்ளன. 1613-ஆம் வருஷம் முதல் ஒல்லாந்தர் அங்கே கெல்திரியா என்ற கோட்டையை வைத்து ஆண்டனர். வெடிமருந்து செய்து கீழ்க்கடல் தீவுகளுக்குக் கப்பலேற்றினர். 1806-இல் ஆங்கிலக் கும்பினியார் அதனை இடித்தொழித்தனர். இத்தகைய ஊரில் நாளை ஒருவர் வலையிலோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் குழியிலோ துருவேறிய கைத்துப்பாக்கி ஒன்று அகப்படுமாயின், அது யாருடையது, எக்காலத்தது என்று சொல்ல வல்லவர் யார்? வயோதிகர் ஒரு கதை சொல்வார். பழைய இரும்பு வியாபாரி ஒரு விலை சொல்வார். பெரும்பாலும் வியாபாரியின் சொல்லே வெல்லும்.

இது வீண் அச்சமன்று. 1855-க்குப் பின் தஞ்சை ராஜ்யம் கும்பினியார் வசமானபொழுது, அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவை சென்னைக்கு வந்து சேர்ந்தன. பொருட்காட்சிசாலைக்கென்று சிலவற்றைப் பொறுக்கிக்கொண்டு, எஞ்சியவற்றை 1860-களில் சர்க்கார் உடைத்துப் பழைய உலோகத்தின் விலைக்கு விற்றுவிட்டது. இந்த அநியாயத்தையும் நாம் எகர்ட்டன் என்ற ஆங்கிலேயர் இந்திய ஆயுதங்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்தே அறிய வேண்டியிருக்கிறது!

கைத்துப்பாக்கி தன் வரலாற்றைத் தன் மேலேயே சுமந்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்தாம் இல்லை. சிக்கிமுக்கிக் கல்லால் பொறியெழுப்பும் விசைத்தகட்டில் இருதய வடிவம் ஒன்று வெட்டி, அதை நான்காகப் பகுத்து எழுத்துக்கள் பொறித்திருந்தால், அது ஆங்கிலக் கும்பினியின் பழைய முத்திரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்விடத்தைக் காலுயர்த்திய சிங்கம் பிடித்துக்கொண்டது. வி, ஓ, ஸி என்ற மூன்றும் பின்னி நிற்க, மேலே ஏ என்ற எழுத்துக் காணப்படின் அது ஒல்லாந்தக் கும்பினியின் ஆம்ஸ்டர்டாம் கிளையைக் குறிக்கும்.

ஆனால் முத்திரை மட்டும் அறிந்தவன் எளிதில் ஏமாறுவான். கிரீடமும் 'டவர்' என்ற சொல்லும் வெட்டிய போலித் துப்பாக்கிகள் நம் நாட்டிலேயே செய்யப்பட்டுப் பழம்பொருள் கடைகளில் விலையாகின்றன. போலி செய்பவனும் புஸ்தகம் படிப்பான் அல்லவா? ஆகவே குழலின் நீளம், துவாரத்தின் அளவு, ஒப்பந்தக்காரர் பெயர் ஆகியவற்றையும் சொல்லும் நூலே நூல். டேவிட் ஹார்டிங் கும்பினியின் தஸ்தாவேஜுகளைத் துருவி, 1600 முதல் 1856 வரை அதன் சிறு ஆயுதங்களைப் பற்றி நான்கு பாகங்கள் எழுதியிருக்கிறார். பல்லாயிரம் கொடுத்துத் துப்பாக்கி வாங்கும் நம் கனவான்களில் எத்தனை பேர் அந்நூலைக் கண்ணால் கண்டிருப்பர்?

நிற்க. சட்ட விஷயமொன்றும் இதிலடங்கியிருக்கிறது. நம்மை நிராயுதபாணிகளாக்கிய 1878-ஆம் வருஷத்துச் சட்டம் போய், 1959-இல் வேறு சட்டம் வந்தது. அதன் 45-ஆவது பிரிவு, வழக்கொழிந்த மாதிரியோ புராதன மதிப்போ உடைய ஆயுதம், பழுதுபார்த்தாலும் சுடவியலாததாக இருப்பின், அதனைச் சட்டத்திலிருந்து விலக்குகிறது. மேலும், நூறாண்டு கடந்த பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகாதபடி 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. வயதையும் மாதிரியையும் எதைக்கொண்டு நிரூபிப்பது? பாட்டனார் சொன்னார் என்பது நியாயஸ்தலத்தில் எடுபடாது. நூலின்றேல் போலீஸாரும் தடுமாறுவர். வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருக்கும் ஏழையோ, பயந்து இரவோடிரவாகக் கிணற்றில் எறிவான்.

வயிற்றுக்கில்லாத நாட்டில் துப்பாக்கிப் புஸ்தகம் எதற்கென்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் கேட்பது பிரபுக்களின் அலங்கார நூலன்று. எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையிலும் கோட்டைப் பொருட்காட்சிசாலையிலும் உள்ள துப்பாக்கிகளை அளந்து, முத்திரைகளைப் படமெழுதி, தமிழில் ஒரு சிறு கைநூலைச் சர்க்கார் அச்சிட வேண்டும். நூறு பக்கம் போதும். கன்னிமாரா நூல்நிலையத்தில் பூட்டி வைப்பதோடு நில்லாமல், பழவேற்காட்டுப் போலீஸ் நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொரு பிரதி முதலில் போகட்டும்.