நாய்க்கு ஆபரேஷனா, மாத்திரையா? பணம் முதலில் எங்கே போகணும்?

நம்ம வீடியோக்கள்ல எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி எத்தனையோ தடவை பேசியாச்சு. வேலை போனா, அப்பா அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தா, கார் மக்கர் பண்ணினா என்று எல்லாத்துக்கும் கணக்குப் போடுவோம். வீட்டு நாய்க்கு ஒரே நேரத்தில் இரண்டு நோய் வந்தா எந்தச் செலவை முதலில் பண்றது? அந்தக் கணக்கு யாரும் போடறதில்லை. நாவலூர் பக்கம் ஐடி வேலைக்குக் குடிவந்த புதுசுல ஆசையா வாங்கின லாப்ரடார் குட்டிகளில் பலதுக்கு இப்போ எட்டு, ஒன்பது வயசு. பில் வர ஆரம்பிக்கிற வயசு.

எங்க வீட்டு நாய்க்கும் ஒன்பதுதான். விலா ஓரம் இரண்டு கட்டி, தொடை உள்பக்கம் ஒண்ணு. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தில் தைராய்டு குறைவுன்னு தெரிஞ்சதும் டாக்டர் தேதியைத் தள்ளி வெச்சுட்டார். "பணம்தான் கையில இருக்கே, வேற இடத்துல காட்டி உடனே எடுத்துடலாம்"னு என் கணவர் சொன்னார். நான் ஒத்துக்கல. கஞ்சத்தனம்னு நினைக்காதீங்க, காரணம் சொல்றேன்.

தைராய்டு குறைந்த நாய்க்கு உடம்பின் வேகமே குறைவு. மயக்க மருந்து கொடுத்தா இதயத் துடிப்பு இறங்கலாம், உடம்பு சில்லிட்டுப் போகலாம், மயக்கம் தெளிய நேரமாகலாம். தோல் நோய்த்தொற்றும் இந்த நாய்களுக்குச் சுலபமா வரும். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் ஹார்மோனைச் சரிபண்ணிட்டுச் செய்றதுதான் முறை. அவசரப்பட்டு ஏதாவது சிக்கலானா, ஆபரேஷன் பில்லுக்கு மேல இன்னொரு பில். நாய் படற பாடு தனி.

ஆனா "அவசரமில்லாத" என்று யார் முடிவு பண்றது? கையால தொட்டுப் பார்த்து முடியாது. கட்டியில் ஊசி போட்டுச் செல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும். சில நிமிஷ வேலை, பெரும்பாலும் மயக்க மருந்தே வேண்டாம். மொத்தச் செலவில் இதைவிட லாபமான ரூபாய் கிடையாதுன்னு நான் சொல்வேன். லாப்ரடாருக்கு வெறும் கொழுப்புக் கட்டியும் சகஜம், மாஸ்ட் செல் கட்டி என்ற புற்றுநோயும் சகஜம். தடவிப் பார்த்தா இரண்டும் ஒரே மாதிரி இருக்கலாம். கொழுப்புக் கட்டி நடைக்கு இடைஞ்சல் பண்ணலைன்னா எடுக்கவே தேவையில்லாம போகலாம். மாஸ்ட் செல் என்றால் காத்திருப்பே ஆபத்து. எங்களுக்கு விலா ஓரத்து இரண்டும் கொழுப்பு. தொடையில் இருக்கிறது தெளிவாத் தெரியல. அதனால ஞாயிறுதோறும் ஸ்கேல் வெச்சு அளந்து எக்செல்லில் போடறோம். அளவு மாறினா நாள் பார்க்காம டாக்டர்கிட்ட போகணும்னு பேச்சு.

இன்னொரு விஷயம். டி4 என்ற ஒரே ஒரு டெஸ்ட் குறைஞ்சு வந்ததுக்காக ஆயுசுக்கும் மாத்திரை ஆரம்பிக்காதீங்க. வேற பெரிய நோய் இருந்தாலும், ஸ்டீராய்டு, சல்ஃபா மருந்து, வலிப்பு மாத்திரை ஏதாவது ஓடினாலும் டி4 குறையும். டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. தப்பான நோய்ப்பெயர் என்பது கடைசித் தவணையே இல்லாத இஎம்ஐ.

மாத்திரை மனுஷங்க சாப்பிடற அதே லீவோதைராக்சின்தான். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு அரசு உச்சவரம்பு உண்டு. அளவுதான் வேற. அறுபது கிலோ மனுஷருக்கு நாளுக்குச் சுமார் 100 மைக்ரோகிராம். நாய்க்கு வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதுவும் இரண்டு வேளை. 30 கிலோ நாய்க்கு நாளுக்கு 1200! சீட்டைப் பார்த்த மெடிக்கல் ஷாப் தம்பி "அக்கா, ஒரு சைபர் கூடிடுச்சா?"ன்னு கேட்டார். கூடல. நாய் உடம்பில் இது குறைவாத்தான் சேரும், சீக்கிரம் வெளியேறிடும். ஆனா இந்த எண்ணை வெச்சு நீங்களா கொடுத்துடாதீங்க. இதய நோய் இருக்கிற நாய்க்கு அளவே வேற.

நாலு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கணும், மாத்திரை கொடுத்து நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள். நேரம் தப்பினா ரிசல்ட்டை நம்ப முடியாது, டெஸ்ட் காசு போச்சு.

இப்போ நம்ம சப்ஜெக்ட். ஒரு உதாரணக் கணக்கு, உங்க ரேட் மாறும். ஆபரேஷன் 40,000, ஒரு தடவை. மாத்திரையும் டெஸ்ட்டும் மாசம் 2,500 என்றால் நாலு வருஷத்தில் 1,20,000. பெரிய செலவு எதுன்னு பாருங்க. நம்ம கண்ணு கட்டி மேலதான் இருக்கு. ஆபரேஷன் பணத்தை லிக்விட் ஃபண்டில் தனியா வையுங்க, மாத்திரைக்கு மாச பட்ஜெட்டில் மளிகை மாதிரி ஒரு வரி போடுங்க. மாசம் 3.5 சதவீதம் வட்டி போடற கிரெடிட் கார்டில் ஆபரேஷன் பில்லை உருட்டாதீங்க. எங்கேயாவது குறைச்சே ஆகணும்னா ஆஸ்பத்திரியைக் குறைங்க. 1903-இல் தொடங்கின வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவு. நாவலூரிலிருந்து ஒரு நாள் லீவு போடணும், அவ்வளவுதான். எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பற காசை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

வரி விஷயம் சுருக்கமா. 80டி-யில் நாய்க்கு இடமில்லை, குடும்பம்னா சட்டத்துக்கு வேற அர்த்தம். கால்நடை கிளினிக்கின் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதனால கன்சல்டேஷனுக்கும் ஆபரேஷனுக்கும் வரி போட்டிருந்தா கேளுங்க. குளிப்பாட்டி முடிவெட்டறது அந்த விலக்கில் வராது.

நாய் இன்ஷூரன்ஸ் இருக்கு, ஆனா ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பொதுவா பணம் வராது. எங்களுக்கு அந்தக் கதவு மூடியாச்சு. குட்டிக்கு இன்னும் ஒண்ணு இரண்டு வயசுதான்னா பிரீமியம் விசாரிங்க. விளம்பரத்தை விட்டுட்டு, எதுக்கெல்லாம் பணம் தரமாட்டாங்கன்னு போட்டிருக்கிற பக்கத்தை முதலில் படிங்க.