மூன்று பாடங்களைத் தெரிவு செய்யும் முன்

பல்கலைக்கழக அனுமதிக்கு ஆயத்தமாவது என்றதும் கண்டியில் பெரும்பாலானோருக்கு நினைவில் வருவது உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய ஆண்டும் நகரத்து ரியூசன் வகுப்புகளுமே. ஆனால் அனுமதியின் பெரும்பகுதி அதற்கு வெகு முன்னரே, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பிள்ளை வீட்டிலிருக்கும் மாதங்களில் தீர்மானமாகிவிடுகிறது. எந்த மூன்று பாடங்கள் என்ற முடிவு அப்போதுதான் எடுக்கப்படுகிறது. உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலையும் எடுப்பவர் மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுத்தவருக்கு விவசாயபீடம் உண்டு, மருத்துவம் இல்லை. எவ்வளவு உயர்ந்த இசட் புள்ளியும் இதை மாற்றாது. சில பட்டப்படிப்புகள் சாதாரண தரப் பெறுபேறுகளையும் கேட்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இவையெல்லாம் தமிழிலேயே உள்ளன. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு அதைப் புரட்டினால், தவறவிட்டது எது என்பதைத்தான் அறிய முடியும்.

கண்டி மாவட்டத்துத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இந்த முடிவு இன்னும் பாரமானது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதிப்படியும், 55 சதவீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உள்ளன, கண்டி இல்லை. ஆகவே கலஹாவிலோ தெல்தோட்டையிலோ படிக்கும் தொழிலாளியின் மகள், மகாமாயா, தர்மராஜ போன்ற நகரக் கல்லூரிகளின் மாணவர்களோடு ஒரே மாவட்ட வரிசையில் நிற்கிறாள். மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை ஈடுசெய்ய வந்த முறை, மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காண்பதில்லை. இது அநீதி என்றே கருதுகிறேன். அவளது பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லையென்றால், பாடத்தெரிவு என்பது பாடசாலை மாறுவதாகவும் ஆகிவிடுகிறது. இடம் தேடவும் தங்குமிடத்துக்கும் பஸ் செலவுக்கும் வழிபார்க்கவும் அந்தச் சில மாதங்கள்தான் உண்டு.

புள்ளிதானே எல்லாம், பாடத்தெரிவுக்கு ஆலோசனை எதற்கு என்று கேட்பார்கள். புள்ளி வேண்டும்தான். ஆனால் எந்தக் கதவுக்கு அந்தப் புள்ளி செல்லும் என்பதைப் பாடத்தெரிவு முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. ரியூசன் தெரிவு செய்த பாடத்தைக் கற்பிக்கும்; எதைத் தெரிவு செய்வது என்று சொல்லித்தருவது அதன் வேலையல்ல. எல்லோரையும் விஞ்ஞானத்துக்குத் தள்ளுவதா என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. கலைப்பிரிவு தாழ்ந்ததல்ல, 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. கலையை விரும்பி எடுப்பது வேறு, வேறு வகுப்பு இல்லாததால் அதில் போய் அமர்வது வேறு. பிரிவு எதுவானாலும், பல பட்டப்படிப்புகள் ஆங்கிலத்தில் நடப்பதால் அந்த ஓய்வு மாதங்களில் ஆங்கிலம் படிப்பது வீண்போகாது.

1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகம் இந்தத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. தோட்டப் பாடசாலை அதிபர்கள் சாதாரண தரப் பெறுபேறு வரும்வரை காத்திராமல், பரீட்சை முடிந்த வாரத்திலேயே பெற்றோரை அழைத்து அனுமதிக் கைநூலை விளக்க வேண்டும். பேராதனையில் பயிலும் மலையக மாணவர்கள் அந்தக் கூட்டங்களுக்கு வந்து உதவ வேண்டும்.