கிராமத்தின் ஏடு எங்கே?

மூன்று மாதத் தவணை! 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி வடமாகாணத்தின் 5,941 ஏக்கர் நிலத்துக்கு விதித்த தவணை அதுவேயாகும். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் வெளிவந்த அவ்வறிவித்தல், யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669 ஏக்கருக்கும், முல்லைத்தீவில் 1,703 ஏக்கருக்கும், கிளிநொச்சியில் 515 ஏக்கருக்கும், மன்னாரில் 54 ஏக்கருக்கும் உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வர வேண்டுமென்றும், தவறின் அந்நிலம் அரசுக்குரியதாகப் பிரகடனப்படுத்தப்படுமென்றும் கூறிற்று. எதிர்ப்பு மூண்டது. அரசாங்கம் பின்வாங்கியது. யூன் மாதத்தில் உயர் நீதிமன்றமும் அவ்வறிவித்தலை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. வந்த கண்டம் கழிந்தது என்று நம்மவர் பெருமூச்சு விட்டனர்.

அப்பெருமூச்சிற் பங்குகொள்ள நாம் ஆயத்தமாயில்லை. வர்த்தமானி வீழ்ந்தது, அது கேட்ட கேள்வி வீழவில்லை. "இந்நிலம் உன்னுடையது என்பதற்கு எழுத்து எங்கே?" என்பதே அக்கேள்வி. நாளை இன்னொரு சட்டத்தின் இன்னொரு பிரிவு அதனையே கேட்கும். அவ்வேளை எமது கமக்காரர் எடுத்துக் காட்டவேண்டிய எழுத்து பெரும்பாலும் அவருடைய வீட்டுப் பெட்டியில் இல்லை; ஏதோவொரு கந்தோரின் அலுமாரியிற் கிடக்கின்றது. எந்தக் கந்தோர், எந்த அலுமாரி என்று அவருக்குச் சொல்வார்தாம் இல்லை.

ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். வலிகாமத்தில் மனைவியின் சீதனமாக வந்த எட்டுப் பரப்புத் தோட்டக் காணி; கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டமொன்றில் தகப்பனாருக்கு அனுமதிப்பத்திரத்திற் கிடைத்த வயல். 1990 இல் ஒருமுறை இடம்பெயர்ந்தார். 1995 ஒக்டோபரில் ஊரோடு ஊராய் மறுமுறை நடந்தார். அவ்வளவு காலமும் தலைமாட்டில் வைத்துப் படுத்த உறுதிப் பையை 2009 இல் வன்னியில் இழந்தார். இவர் எமது கற்பனை என்று கொள்ளினுங் கொள்ளுக. இதனை வாசிப்போரில் எத்தனையோ பேர் தம்மையே இவரிற் காண்பர்.

இவர் முதலிற் செல்லுமிடம் கிராம அலுவலரின் கந்தோர். அங்கே வதிவிடச் சான்று கிடைக்கும். காணி விபரம் கிடையாது. பிரதேச செயலகத்துக்குப் போகும்படி கூறுவர். பிரதேச செயலகத்தில், "இது தனியார் காணி, காணிப் பதிவகத்துக்குப் போங்கள்" என்பர். காணிப் பதிவகத்தில், உறுதி முடித்த நொத்தாரிசின் பெயரென்ன, உறுதி இலக்கமென்ன, திகதியென்ன என்று கேட்பர். உறுதி கையிலிருந்தால் அல்லவோ இவற்றைச் சொல்லலாம்! உறுதி தொலைந்ததனாலேயே அவர் அங்கு வந்திருக்கிறார். ஒரு நாட் கூலியும் பஸ் காசும் போனதே மிச்சமாக அவர் வீடு திரும்புகிறார். இரண்டாம் முறை அவர் போகமாட்டார்.

ஆயின், வழி உண்டு. நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது, காணிச் சொந்தக்காரருக்கு மூலப் பிரதியைக் கொடுத்து, ஒரு படியைத் தம்மிடம் வைத்து, இன்னொன்றை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் மாவட்டக் காணிப் பதிவாளருக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். எனவே வீட்டுப் பிரதி எரிந்தாலும் ஏனைய இரண்டும் வேறிடங்களில் இருத்தல் கூடும். இலக்கம் தெரியாதாயின் அயற்காணிக்காரரின் உறுதியை விரித்துப் பார்த்தல் நன்று. கிழக்கெல்லை இன்னாருடையது, மேற்கெல்லை இன்னாருடையது என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த 'இன்னார்' எமது கமக்காரரின் மாமனாராக இருப்பார். காணியின் பெயரை ஊரிலுள்ள மூதாட்டி ஒருத்தி சொல்லுவாள். அப்பெயரைக் கொண்டும், காணி எந்தக் கோவிற்பற்றைச் சேர்ந்தது என்பதைக் கொண்டும் பதிவகத்தின் ஏடுகளைத் தேடலாம்.

கோவிற்பற்று என்றவுடன் இன்றைய இளைஞர் விழிப்பர். அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஒரே ஊர், ஒவ்வொரு கந்தோருக்கும் ஒவ்வோர் ஊராகத் தோன்றுகின்றது. உறுதிக்கு அது கோவிற்பற்று; செயலகத்துக்கு இலக்கமிட்ட கிராம அலுவலர் பிரிவு; பிரதேச சபைக்கு வட்டாரம்; பிறப்பு இறப்புப் பதிவாளருக்கு வேறோர் எல்லை; கமநல சேவை நிலையத்துக்கு இன்னுமோர் எல்லை. ஒல்லாந்தன் தோம்பு எழுதியது எம்மீது கொண்ட அன்பினால் அன்று, வரி கறக்கவேயாம். ஆயினும் காணியை அதன் பெயரால் எழுதினான். அக்காலத்திலிருந்து வழிவழி வந்த காணிப் பெயர்கள் எமது உறுதிகளில் இன்றும் உள்ளன. இக்காலத்து நிருவாகமோ எமது ஊரை ஐந்தாறு பெயரில் எழுதிவிட்டு, இவற்றுள் எது எதனோடு பொருந்துமென்ற ஒரு பக்க அட்டவணையைத்தானும் எழுதி மாட்ட மனங்கொள்ளவில்லை.

வயலின் கதை வேறு. அனுமதிப்பத்திரக் காணிக்கு உரிய பேரேடு பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிலேயே உள்ளது. தகப்பனார் பெயர் அதில் இருக்கும். அவருக்குப் பின் யாரென்ற நிரல் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடத்தில் வேறொருவர் பெயர் ஏறிய பின்னர் ஓடுவதிற் பயனில்லை. கமநலத் திணைக்களமும் விவசாயக் காணிகளுக்கு ஓர் இடாப்பு வைத்திருக்கின்றது. உர மானியம் பெற வரிசையில் நிற்கும் கமக்காரருள் எத்துணைப் பேர் அவ்விடாப்பிலுள்ள தம் பெயரையும் பரப்பளவையும் கண்ணாற் பார்த்திருப்பர்? சோலைவரி செலுத்திய பற்றுச்சீட்டும், பழைய வாக்காளர் இடாப்பிலுள்ள பெயரும் தனித்து நின்று நில உரிமையை நிறுவமாட்டா. ஆனால் இந்த மனிதர் இவ்விடத்தில் இருந்தார், இக்காணியை ஆண்டார் என்பதற்கு அவை சாட்சி பகரும்.

இச்சாட்சியின் அருமை 2013 இல் வலிகாமம் வடக்கில் விளங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரிலில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிக்கவெனக் காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளரை இனங்காண முடியவில்லை என்று அதிற் கூறப்பட்டது. உரிமையாளர் எங்கே இருந்தனர்? ஒரு சில கட்டை தூரத்தில், நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருபத்து மூன்று ஆண்டுகளாக இருந்தனர். அவர்கள் பெயர்கள் அரசாங்கத்தின் காணிப் பதிவேட்டில் இருந்தன. அரசாங்கத்தின் நிவாரண இடாப்பில் இருந்தன. அரசாங்கத்தின் வாக்காளர் பட்டியலில் இருந்தன. நிவாரணத்தைக் கணக்கிடும்போது கண்ணுக்குத் தெரிந்த மனிதர், நிலத்தைக் கணக்கிடும்போது மறைந்துபோன மாயத்தை என்னென்பது! அன்று நீதிமன்றத்தை நாடியோர் உறுதியோடு நாடினர். உறுதியில்லாதோர் மதகில் உட்கார்ந்து செய்திப் பத்திரிகை வாசித்தனர்.

இங்கே நாம் விதானையார் காலத்தை நினைந்து ஏங்குகிறோமென்று எவரும் எண்ணற்க. 1963 இல் அப்பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தது நன்றே. விதானையார் ஊரின் ஏட்டைத் தம் தலைக்குள் வைத்திருந்தார். வேண்டியவருக்கு விரித்தார், வேண்டாதவருக்கு மூடினார். படலைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடிகள் அதனை இன்னும் மறக்கவில்லை. ஆனால் தலைக்குள் இருந்த ஏடு அலுமாரிக்குள் மாறியதே தவிர, குடிமகனின் கைக்கு வரவில்லை என்பதே எமது முறைப்பாடு.

1961 பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிற் சத்தியாக்கிரகம் தொடங்கியது எதற்காக? தமிழன் வாழும் நிலத்தின் நிருவாகம் தமிழில் நடைபெற வேண்டுமென்பதற்காக. பொலிசாரின் கால்களுக்குக் கீழே கிடந்தவர்கள் கேட்டது பதவியை அன்று. தமக்கு விளங்கும் மொழியில் ஒரு கோவையை. 1988 இல் வந்த அரசியலமைப்பின் 16 ஆம் திருத்தம், வடக்கு கிழக்கு மாகாணங்களிற் பொதுப் பதிவேடுகளைப் பேணுவதற்கும் அரச கருமங்களை ஆற்றுவதற்கும் தமிழே நிருவாக மொழியென எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆயினும் கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்திறங்கும் சுற்றுநிருபங்கள் நின்றபாடில்லை. போரில் ஆவணங்களை இழந்தோரின் காணிப் பிணக்குகளைத் தீர்க்கவெனக் காணி ஆணையாளர் நாயகம் 2011 இலும் 2013 இலும் சுற்றுநிருபங்கள் விடுத்தார். அவற்றின் சாரத்தை எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு கிராம அலுவலர் கந்தோரிலும் ஒட்டியிருந்தால் எத்தனை குடும்பங்கள் உரிய காலத்தில் விண்ணப்பித்திருக்கும்!

கொழும்பைச் சாடுவது எளிது. நமக்குப் பழக்கமானதுங் கூட. ஆனால் யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களிலும் 435 கிராம அலுவலர் பிரிவுகளிலும் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் தமிழரே. 2023 மார்ச்சிலிருந்து ஈராண்டுக்கு மேலாக மக்கட் பிரதிநிதிகளின்றிச் செயலாளர்களால் ஆளப்பட்ட பிரதேச சபைகளுக்கு, 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலில் தெரிவானோரும் எம் அயலவரே. "ஐயா கூட்டத்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள்" என்ற சொல் நல்ல தமிழிலேயே சொல்லப்படுகின்றது. அதனைக் கேட்டுத் திரும்பும் கமக்காரருக்கு மொழியுரிமை எத்தன்மைத்தாய்த் தோன்றும் என்பதை எமது உத்தியோகத்தர் ஒருகணம் சிந்திப்பாராக. ஒருவர் பார்க்க வேண்டிய கோவைகளுக்கு மூவர் நியமிக்கப்படவில்லை என்பதும், கிராம அலுவலர் ஒருவரே இரண்டு பிரிவுகளைச் சுமக்கும் இடங்கள் உண்டென்பதும் நாம் அறியாததன்று. ஆனால் ஒரு பலகை எழுதி மாட்டுவதற்கு ஆளணி வேண்டியதில்லை.

அப்பலகை எமது வேண்டுகோள் மட்டுமன்று; சட்டத்தின் கட்டளை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒவ்வொரு பொது அதிகாரசபையும் தன் தகவல் உத்தியோகத்தர் யார், மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தர் யார், கட்டணம் எவ்வளவு என்பவற்றை யாவரும் காணுமிடத்திற் காட்சிக்கு வைக்க வேண்டுமென்கின்றது. கேட்பவர் காரணங் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்கலாம். அதனை எழுத்தில் இறக்குவது உத்தியோகத்தரின் கடமை. கூடியவரை விரைவாகவும், எவ்வாறாயினும் 14 வேலை நாட்களுக்குள்ளும் முடிவு கூறப்பட வேண்டும். மறுத்தால் 14 நாட்களுள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அங்கும் பயனின்றேல் இரண்டு மாதத்துள் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். பிரதேச சபையின் சோலைவரி இடாப்பாயினும் சரி, செயலகத்தின் காணிப் பேரேட்டில் தமக்குரிய பக்கமாயினும் சரி, கேட்டுப் பெறுவதற்கு அரசியல்வாதியின் கடிதம் தேவையில்லை.

இச்சட்டத்தில் எம்மைக் கலங்கச் செய்யும் ஒரு விடயமும் உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் இருந்த பழைய பதிவேடுகள், அந்நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பேணப்பட வேண்டுமென்பது அதன் விதி. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி. அப்பத்தாண்டு நிறைவெய்துவது 2027 பெப்ரவரி. மறுநாளே எல்லாவற்றையும் தீயிலிடுவர் என்று நாம் சொல்லவில்லை. தேசிய சுவடிகள் கூடச் சட்டமும் உண்டு. மனச்சாட்சியுள்ள அதிகாரிகளும் உளர். ஆனால் எமது கந்தோர்களிற் கோவைகள் அழிவது கட்டளையால் அன்று. கறையானாலும், ஒழுகும் கூரையாலும், "இந்தப் பழைய குப்பைகளை அப்புறப்படுத்துக" என்ற ஒருவரிக் குறிப்பாலுமே. 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்டு அழுத மக்கள், தம் ஊர்க் கந்தோரின் பின்னறையில் ஏடுகள் மக்குவதைக் காணாதிருக்கின்றனர்.

யாழ்ப்பாணத்து ஊர்களில் ஓய்வுபெற்ற இலிகிதருக்குப் பஞ்சமில்லை. முப்பது ஆண்டு கோவை கட்டியவர்கள் மாலையிற் சனசமூக நிலையத்தில் உலக அரசியலை அலசிக்கொண்டிருக்கின்றனர். அவர்களிடமே நாம் வருகிறோம். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் நில அளவையாளரும் அவர்களோடு சேர்ந்து, கிழமையில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குவாராக. ஊரின் காணிப் பெயர்களையும், அவை எந்தக் கோவிற்பற்றில், எந்தக் கிராம அலுவலர் பிரிவில் உள்ளன என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுவாராக. பெயர் சொல்லவல்ல மூத்தோர் இருக்கும்போதே எழுதுவாராக. உறுதி இழந்தவரின் அயற்காணி உறுதிகளைப் பார்த்து இலக்கங்களைக் குறித்துக் கொடுப்பாராக. சபை உறுப்பினர் தம் முதற்பணியாகச் சபையிலும் உப அலுவலகங்களிலும் என்னென்ன பதிவேடுகள் எந்த ஆண்டிலிருந்து உள்ளன என்ற பட்டியலைச் சபை அமர்விற் சமர்ப்பிக்கச் செய்து, அதன் பிரதியை ஒவ்வொரு சனசமூக நிலையத்துக்கும் அனுப்புவாராக.

கமக்காரருக்கு ஒரு வார்த்தை. அறுவடை முடிந்ததும் செய்யலாமென்று இதனைத் தள்ளிவைக்க வேண்டாம். அனுமதிப்பத்திரக் காணியுடையோர் முதலிற் பேரேட்டுப் பக்கத்தின் பிரதியைக் கேட்க; பின்னுரித்தாளர் பெயர் வெறுமையாயின் அதற்கு அன்றே மனுக் கொடுக்க. விண்ணப்பம் கிடைத்ததென்று திகதியும் கையெழுத்தும் இட்ட துண்டு ஒன்றைக் கையில் வாங்காமற் கந்தோரின் படியிறங்க வேண்டாம்.