செடியைக் கடிச்சா பேரு இருக்கு, ஆளைக் கடிச்சா?

போடி மக்களே, ஏலச்செடிக்கு வர்ற பூச்சிங்க பேரைச் சொல்லுங்க பார்ப்போம். இலைப்பேன், தண்டு துளைப்பான், வேர்ப்புழு... மளமளன்னு வருதில்ல? சரி, அந்தச் செடிக்கடியில குனிஞ்சு காய் எடுக்கிறவங்களைக் கடிக்கிறதுக்கு என்ன பேரு? அட்டை, கொசு. மிச்சமெல்லாம் "ஏதோ பூச்சி". அவ்வளவுதான்!

அந்த 'ஏதோ பூச்சி'யில ஒண்ணு ஆளையே கொல்லும். ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைக்காரங்க இதை 'உண்ணிக் காய்ச்சல்'னு எழுதுறாங்க. என் சண்டையே இந்தப் பேரோடதான். உண்ணின்னா நமக்கு நாய்க் காதுல, மாட்டு மடியில ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிச்சுப் பருத்திருக்குமே, அது. இந்தக் காய்ச்சலைப் பரப்புறது அது இல்லீங்க. புதர்லயும் புல்லுலயும் இருக்கிற ஒரு நுண்சிலந்தியோட குஞ்சு. சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். "எங்க வீட்ல மாடும் இல்ல, நாயும் இல்ல, எனக்கெப்படி?"ன்னு ஒருத்தர் கேட்டா என்ன பதில் சொல்வீங்க?

ஜப்பானைப் பாருங்க. அங்கயும் ரெண்டுக்கும் பொதுப்பேரு 'தானி'தான். ஆனா உண்ணிக்கு 'மதானி'ன்னு தனியா ஒரு பேரு. நம்ம ஆளுக்கு ஊருக்கு ஊரு பேரு: 'கெதானி', 'அகாமுஷி' (சிவப்புப் பூச்சி), 'த்சுத்சுகாமுஷி' (நோய்ப் பூச்சி). ஆத்தோர விவசாயிங்க புழங்குன சொல்லுங்க. அதுல கடைசிப் பேரைத்தான் கிருமிக்கே வச்சிருக்காங்க: ஒரியன்ஷியா த்சுத்சுகாமுஷி!

"பேர்ல என்னப்பா இருக்கு, மருந்து ஒண்ணுதானே?"ம்பீங்க. மருந்து இருக்கு, விலை கம்மியான டாக்சிசைக்ளின். ஆனா டாக்டருக்குச் சந்தேகம் வந்தாத்தானே எழுதுவார்? பென்சிலின் வகை மருந்து இதுக்குக் கேக்காது. கடி வலிக்காது, காய்ச்சல் வர 6லிருந்து 21 நாள் ஆகும். பலருக்குக் கடிபட்ட இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருக்கும். அதுவும் எங்க? அக்குள், இடுப்பு, மார்புக்கடியில, தொடையிடுக்குல. வலிக்காத புண்ணை, அதுவும் அந்த இடத்துல, யாரு தானா காட்டுவாங்க?

நான் 'புதர்ப்பேன்'னு சொல்றேன். எங்க இருக்கு, என்ன அளவுன்னு பேரே சொல்லிடுது. இதைவிட நல்ல பேரு இருந்தா வைங்க, சந்தோஷம். ஆனா விடியக்காலை ஜீப்புல மெட்டு ஏறிப் போறவங்களுக்கு அந்தப் பேரும், கருப்புப் பொருக்கும், "மலை வேலைக்குப் போறேன்"னு டாக்டர்கிட்ட சொல்லணும்ங்கிறதும் தெரியணும்.

இலைப்பேனால காய்ல சொறி விழுந்தா ஏலத்துல விலை போகாதுன்னு பேரு வச்சுக் கவனிக்கிறோம். காய் எடுக்கிற கைக்கு அந்த மரியாதை கூட இல்லையா?